ஒரே மாத்திரை, ஊருக்கொரு துணை

ஜப்பானின் இட்டோ நகரில், கவானா என்ற கடலோரப் பகுதியில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து புறப்பட்டது இவர்மெக்டின். 1970களில் கிடாசாட்டோ ஆய்வகத்தின் சத்தோஷி ஓமுரா அந்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரை அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்துக்கு அனுப்பினார். வில்லியம் கேம்பலின் குழு அதைப் புழுத் தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, புழுக்கள் ஒழிந்தன. அதன் சுரப்பைச் சற்றே மாற்றிச் செய்த மருந்து 1981-ல் கடைக்கு வந்தபோது மாடு, ஆடு, குதிரைகளுக்குத்தான் வந்தது.

மனிதர்களிடம் அது முதலில் போனது ஆப்பிரிக்காவில். வேகமாக ஓடும் ஆறுகளில் கருப்பு ஈ பெருகும். அது கடித்துப் பரப்பும் ஆற்றுப் புழுவின் குஞ்சுகள் தோலை அரித்து, கண்ணையும் அவிக்கும். நல்ல விளைநிலத்தை விட்டுவிட்டு மக்கள் ஆற்றங்கரையைக் காலிசெய்த ஊர்கள் உண்டு. 1987-ல் மெர்க், தேவைப்படும் அளவும் தேவைப்படும் காலமும் இலவசமாகத் தருவதாக அறிவித்தது. இந்த மருந்து தாய்ப்புழுவைக் கொல்லாது, குஞ்சுகளைத்தான் கொல்லும். தாய்ப்புழுவோ பத்துப் பதினைந்து ஆண்டு உயிர்வாழும். அத்தனை ஆண்டும் தவறாமல் விழுங்க வேண்டும் என்றால், இலவசமாகத் தராமல் அந்த ஊர்களில் எப்படி நடக்கும்?

கொடுப்பவர்கள் ஊர்க்காரர்களே. எடை பார்க்கும் தராசு இல்லாத இடங்களில் அவர்கள் கையில் இருந்தது கோடு போட்ட ஒரு கோல். நிற்க வைத்து உயரம் பார்த்து ஒன்று முதல் நான்கு மாத்திரை. 90 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் கிடையாது. இந்த மருந்தின் கதையில் ஆய்வகத்துக்குச் சமமான இடத்தை நான் இந்தக் கோலுக்குத் தருவேன்.

யானைக்கால் நோய்க்கும் இது உதவும் என்று தெரிந்தபின், துணை மருந்து ஊருக்கு ஊர் மாறியது. இந்தியாவில் நமக்குப் பழக்கமான யானைக்கால் மாத்திரை டி.இ.சி. அதையே ஆற்றுப் புழு உள்ளவருக்குக் கொடுத்தால் கண் கெடலாம். அதனால் அந்தப் புழு உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் டி.இ.சி.யை விலக்கி, அல்பெண்டசோலோடு இவர்மெக்டினைக் கொடுத்தார்கள். இங்கே ஆற்றுப் புழு இல்லை. ஆகவே மூன்றையும் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. பீகாரின் அர்வால் மாவட்டத்தில் 2018-ல் அப்படித் தொடங்கினார்கள். எந்த மாத்திரை என்பதை அந்தந்த மண்ணின் புழுக்களே தீர்மானிக்கின்றன.

மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில்தான் மாத்திரைக்கே தடை வந்தது. அங்கே லோவா என்ற இன்னொரு புழு இருக்கிறது. இரத்தத்தில் அதன் குஞ்சுகள் மிக அதிகமாக இருப்பவர் இவர்மெக்டின் விழுங்கினால், அவை ஒரேயடியாகச் செத்து மூளையைப் பாதிக்கலாம். கேமரூனின் ஓகோலா வட்டாரத்தில் 1999-ல் அப்படி நேர்ந்து சிலர் உயிரிழந்தார்கள், விநியோகம் நின்றது. பயந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணைக் காக்க வந்த மருந்து உயிரை எடுத்தால் யார் கை நீட்டுவார்கள்?

2015-ல் அதே ஓகோலாவுக்குத் திரும்பியவர்கள் கைப்பேசியில் பொருத்திய சிறு நுண்ணோக்கியோடு போனார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், சில நிமிடங்களில் குஞ்சுகளின் கணக்கு. 16,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்ததில், லோவா மிகுந்திருந்த சுமார் 340 பேருக்கு மாத்திரையை மறுத்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலானோர் விழுங்கினார்கள். ஒருவருக்கும் மூளை பாதிக்கவில்லை.