முன்ஷி அப்துல்லாவும் எழுத்தின் பயனும்

மனிதன் எதற்காக எழுத வேண்டும்? கணக்குத் தவறாதிருக்க எழுதுகிறான். கடன் மறவாதிருக்க எழுதுகிறான். தொலைவில் உள்ளவர்க்குச் செய்தி சொல்ல எழுதுகிறான். இவை யாவும் அன்றாடத் தேவைகள். இவற்றினும் மேலான பயன் ஒன்றுண்டு. தான் கண்ட காலத்தை வருங்காலத்தின் கையில் ஒப்படைப்பதே அது. இவ்விரு பயன்களையும் ஒருங்கே விளக்கி நிற்கிறது, மலாக்காவில் 1796ஆம் ஆண்டு பிறந்த முன்ஷி அப்துல்லாவின் வாழ்க்கை.

அவருடைய பூட்டனார் ஏமன் நாட்டு அரபியர். நாகூரில் தங்கி அங்கே மணம் புரிந்தவர். அவர் மைந்தருள் ஒருவர் மலாக்காவில் குடியேறினார். அக்காலத்தில் அத்துறைமுக நகரில் தமிழ் வணிகர் நிறைந்திருந்தனர். கணக்கு வைப்பதற்கும் வணிகருடன் உரையாடுவதற்கும் தமிழ் வேண்டியிருந்தது. ஆதலின் வசதியுள்ள குடும்பத்தினர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். அப்துல்லாவும் தமிழாசிரியர் ஒருவரிடம் அனுப்பப்பட்டார்.

தந்தை அப்துல் காதிர் பிறருக்கு ஆவணங்கள் எழுதிக் கொடுப்பதில் வல்லவர். அவர் மகனைக் கடுமையாகப் பழக்கினார். எழுதுவதும், பிழைக்கு வசை வாங்குவதும், மீண்டும் எழுதுவதுமாக நாட்கள் கழிந்தன. ஒரு நாள் தந்தை வெளியே சென்றிருந்தபோது, கடன் பத்திரம் எழுதுவிக்கக் கப்பல் தலைவர் ஒருவர் வந்தார். சிறுவன் அப்துல்லாவே துணிந்து அதனை எழுதிக் கொடுத்தான். திரும்பி வந்த தந்தை மகனை முகத்துக்கு நேரே புகழவில்லை. ஆனால் அன்றிரவு, இனிக் கவலையில்லை என்று தம் மனைவியிடம் மகிழ்ந்து பேசியதை மகன் மறைந்திருந்து கேட்டான். வைது வைதுப் பழக்கியதன் பொருள் அன்றுதான் அவனுக்கு விளங்கிற்று.

ராபிள்ஸ் 1810ஆம் ஆண்டின் இறுதியில் மலாக்காவுக்கு வந்தபோது, மலாய் ஏடுகளைத் திரட்டிப் படியெடுக்க எழுத்தர் சிலரை அமர்த்தினார். அவர்களுள் இளையவர் அப்துல்லா. பின்னர் 1824ஆம் ஆண்டு பிப்ரவரியில், ராபிள்ஸ் தாயகம் திரும்பப் புறப்பட்ட ‘பேம்’ என்னும் கப்பல் பெங்கூலனுக்கு அருகே கடலில் தீப்பற்றி எரிந்தது. அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஏடுகள் அக்கப்பலோடு அழிந்தன. அச்செய்தி அப்துல்லாவை வாட்டிற்று. பல இடங்களிலிருந்து தேடிச் சேர்த்த நூல்கள் ஒரே இரவில் சாம்பலாயினவே என வருந்தினார். கையெழுத்து ஏட்டின் அருமையையும் அதன் மெலிவையும் அவர் ஒருங்கே அறிந்தவர். அச்சுத் தொழிலையும் கற்றவர்.

மலாய் மக்கள் தம் தாய்மொழியைக் கல்விக்குரிய பொருளாகக் கொள்ளாமை அவருக்குப் பெருங்குறையாகத் தோன்றிற்று. அக்குறையைச் சொல்லிக் காட்டியதோடு அவர் அமையவில்லை, தாமே எழுதலானார். தமிழ் நண்பர் ஒருவரின் துணையுடன் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து 1835ஆம் ஆண்டில் மலாய் மொழிக்குக் கொண்டு வந்தார். 1838ஆம் ஆண்டில் கிளந்தானுக்குச் சென்று, அப்பயணத்தை நூலாக்கினார். 1840ஆம் ஆண்டில் தொடங்கி 1843ஆம் ஆண்டில் முடித்த தன்வரலாறு, ‘ஹிகாயத் அப்துல்லா’ என்னும் பெயருடன் 1849ஆம் ஆண்டு சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது.

மன்னர் வரலாறும் வீரர் கதையும் மலிந்திருந்த மலாய் உரைநடையில், ஓர் எளிய எழுத்தர் தாம் கண்டதைத் தம் பெயரால் எழுதியது புதுமை. மலாக்காக் கோட்டை 1807ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோது, யானையளவும் வீட்டளவுமான கற்கள் சிதறிய காட்சியை அதில் காணலாம். சிங்கப்பூரின் தொடக்க நாட்களையும் காணலாம். 1854ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர், ஜித்தா வரையிலான கடற்பயணத்தையும் எழுதினார். அவ்வாண்டிலேயே அவர் வாழ்வும் முடிந்தது. இறுதிவரை எழுதுகோல் அவர் கையை விட்டு நீங்கவில்லை.

இவ்விடத்தில் தமிழர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மலாக்காவில் தமிழ் அவ்வளவு செல்வாக்குடன் திகழ்ந்ததையும், பிற இனத்துப் பிள்ளைகளும் அதனைக் கற்றதையும் இன்று எடுத்துரைப்பது எது? மலாய் மொழியில் அப்துல்லா எழுதிய நூலன்றோ! தமிழ் எழுதிய கைகள் அன்று அந்நகரில் பல இருந்தன. ஆயினும் கணக்கேட்டோடு நின்றுவிடும் எழுத்து, கணக்குத் தீர்ந்ததும் தீர்ந்துபோகும். கண்டதையும் கேட்டதையும் எழுதாத சமுதாயம், தன் கதையைப் பிறர் வாயிலாகவே கேட்க நேரும்.

எனவே பள்ளியில் கட்டுரைப் பயிற்சி தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் உரியதன்று. மாணவன் தன் தெருவை எழுதட்டும். பாட்டி சொன்ன தோட்டத்துக் கதையை எழுதட்டும். தந்தையின் தொழிலை எழுதட்டும். முதலில் பிழைகள் மலியும். திருத்தத் திருத்தக் கை தேறும். மலாக்காச் சிறுவன் ஒருவனுக்குக் கைவந்த அப்பழக்கம், தமிழ்ப் பிள்ளைகளுக்கும் கைவருவது அரிதன்று.