டெசிபெல்

‘டெசி’ என்றால் இலத்தீனில் பத்தில் ஒன்று. ‘பெல்’, தொலைபேசியின் அலெக்சாண்டர் கிரகாம் பெல். 1920களில் அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள், கம்பியில் போகும் குரல் எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட அமைத்த அலகு இது.

எனவே டெசிபெல் ஒரு விகிதம். ஒரு ஒலிச்செறிவு இன்னொன்றைப்போல் எத்தனை மடங்கு என்பதை மடக்கையில் சொல்வது. 10 டெசிபெல் கூடினால் செறிவு 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. ஒலியை அளக்கும்போது 0 டெசிபெல் என்பது நிசப்தம் அல்ல. நல்ல காது மட்டுமட்டாகக் கேட்கும் எல்லை; மற்ற ஒலிகளை அதனோடு ஒப்பிட்டே சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்துக் குருநகர் இறங்குதுறையில் ஒரு படகின் எஞ்சின் நம் காதருகே 85 டெசிபெல் இரைகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அதேபோல் இன்னொன்று இயங்கினால் 170 ஆகாது, 88 தான் ஆகும். காதுக்கு இது சிறு வித்தியாசமாகத்தான் படும். ஆனால் உள்ளே போகும் ஆற்றல் இரட்டித்துவிட்டது! அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 85க்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்று வைத்த எல்லை, 88க்கு 4 மணித்தியாலமாகிறது. எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருந்து கடலோடும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் சொல்லவேண்டும்.

குருநகர்ப் புனித யாகப்பர் ஆலயத் திருநாளின் ஒலிபெருக்கிக்கும் இதே கணக்குத்தான். திறந்த வெளியில் தூரத்தை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும்; செறிவு காற்பங்காகும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.