வகைக் குறிப்பும் வாசிப்பும்: மைசூரு மொழித் தரவுகளை முன்வைத்து

இந்திய மொழிகளுக்கென 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்ட இஸ்கி குறியாக்கத்தில் 179 என்ற எண் தமிழ் ‘க’வைக் குறிக்கும். கன்னடத்திலும் அதே 179 ககரம்தான். வரிவடிவம் மட்டும் வேறு. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 தரத்திலோ 179 என்பது எண்ணின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கும் குட்டி 3. மூன்று இடத்திலும் ஃபைலில் இருப்பது ஒரே பைட். எழுத்துமுறையைச் சொல்லும் ஒரு குறியை ஃபைலுக்குள்ளேயே வைக்க இஸ்கி வழி தந்திருந்தது. ஆனால் பிரவுசர் முதலில் பார்ப்பது சர்வர் அனுப்பும் முன்குறிப்பை, அதாவது வகைக் குறிப்பைத்தான். விண்டோஸ் கணினிகளில் இஸ்கித் தமிழுக்கு 57004, கன்னடத்துக்கு 57008 எனத் தனித்தனிக் குறியாக்கப் பக்கங்கள் இருந்தன. எதைத் தேர்ந்தாலும் ஃபைல் மறுப்புச் சொல்லாது.

இந்தச் சிக்கல் மைசூரில் வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. 1969 ஜூலை 17 அன்று அங்கே தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1991இல் மத்திய மின்னணுவியல் துறை தொடங்கிய மொழித் தொழில்நுட்பத் திட்டத்தின்கீழ் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் எழுத்துத் தரவகங்களைத் தொகுத்தது. மொழிக்கு ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள். அந்தத் தரவுகள் இஸ்கியில் இருந்தன. 2000க்குப் பின் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகம் எமில் திட்டத்தில் மைசூரு நிறுவனத்தோடு கைகோத்தபோது செய்யவேண்டியிருந்த வேலைகளில் ஒன்று, இவற்றை இஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது. சேர்ந்து உருவான தொகுதி 14 தெற்காசிய மொழிகளை உள்ளடக்கியது.

நம் மொழி ஆவணங்கள் இணையத்தில் பிடிஎஃபுக்குள்ளும் படங்களுக்குள்ளும் போய் ஒதுங்கியதற்கு எழுத்துருச் சிக்கலே காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது பாதிதான். சர்வரின் வகைக் குறிப்பு நம் கையில் இல்லாமல் போனது மறுபாதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

வகைக் குறிப்பு வலைக்காகப் பிறந்ததல்ல. மின்னஞ்சலில் படமும் ஒலியும் பிறமொழி எழுத்தும் அனுப்புவதற்காக நத்தேனியல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992 ஜூனில் வெளியிட்ட மைம் வரையறையில் அது வந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் பயன்படுத்திய முதல் எச்டிடிபியில் தலைப்புக் குறிப்பு எதுவும் கிடையாது. கேட்டால் எச்டிஎம்எல் வரும், அவ்வளவுதான். 1996 மே மாதம் எச்டிடிபி 1.0 ஆவணமானபோது ‘கன்டென்ட்-டைப்’ என்ற வரி அதில் இடம்பெற்றுவிட்டது. ‘டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்’ என்று சர்வர் சொன்னால் பக்கமாக வரை. ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ என்றால் அதற்குரிய செயலியிடம் கொடு. ‘அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்’ என்றால் டவுன்லோடு செய். ஃபைல் பெயரின் வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்பது விதிப்படி பிரவுசருக்கு இரண்டாம்பட்சம்.

சர்வருக்கு மட்டும் அந்த வால்தான் எல்லாம். அப்பாச்சி சர்வர் ‘மைம்.டைப்ஸ்’ என்ற பட்டியலைப் பார்த்து, எந்த வாலுக்கு எந்த வகை என்று தீர்மானிக்கும். பட்டியலில் இல்லாத வால் வந்தால் பழைய அமைப்பில் ‘டெக்ஸ்ட்/பிளெயின்’ என்று சொல்லிவிடும். அப்படித்தான் திரை முழுக்கக் கிறுக்கலாக ஆவணங்கள் திறந்தன. மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் 6 இன்னும் கறார்: தெரியாத வகையென்றால் 404 பிழை; ஃபைல் வட்டில் பத்திரமாக இருக்க, பார்ப்பவருக்கு அது இல்லவே இல்லை.

இந்தக் குழப்பத்தைச் சமாளிக்க இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சர்வரின் பேச்சை நம்பாமல் ஃபைலின் முதல் 256 பைட்டுகளை மோப்பம் பிடித்தது. உதவியாகத்தான் ஆரம்பித்தது. ஆபீஸ் 2007 வந்ததும் அதன் விநோதம் வெளிப்பட்டது: டாக்எக்ஸ் ஃபைல் உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம் என்பதால், புது வகையை அறியாத சர்வரிலிருந்து எடுத்தால் அது ஜிப்பாகவே கணினியில் இறங்கியது. பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தவை எக்ஸ்எம்எல் துண்டுகள். படமென்று சொல்லி ஏற்றிய ஃபைல் நிரலாக ஓடும் அபாயமும் இருந்ததால், 2008இல் எக்ஸ்புளோரர் 8, ‘மோப்பம் பிடிக்காதே’ என்று சர்வர் கட்டளையிட ஒரு தலைப்பைக் கொண்டுவந்தது.

ஆங்கில ஆவணத்துக்கு வகை சரியாக இருந்தால் போதும். தமிழுக்கு அதே வரியின் பின்பாதியும், அதாவது எழுத்துக் குறியாக்கமும், சரியாக இருக்க வேண்டும். 1999இல் வந்த எச்டிடிபி 1.1 ஆவணத்தின்படி, எதுவும் சொல்லாவிட்டால் உரை லத்தீன்-1 என்பதே அன்றைய விதி. திஸ்கி, 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாடு முன்வைத்த டாப், டாம் ஆகிய தமிழ்க் குறியாக்கங்கள் எதற்கும் பிரவுசரில் முறையான பெயர் கிடையாது. ‘எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்’ என்று பக்கத்துக்குள் அறிவித்துவிட்டு, வாசகரிடம் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்ல வேண்டியிருந்தது. 1997இல் எக்ஸ்புளோரர் ஒரு வகை இயங்கு எழுத்துருவையும் நெட்ஸ்கேப் இன்னொரு வகையையும் கொண்டுவந்தன. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. நெட்ஸ்கேப் வகைக்குச் சர்வரில் தனி மைம் பதிவும் வேண்டியிருந்தது. வாடகை சர்வரில் பக்கம் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அந்த அமைப்பைத் தொட அனுமதி இருந்திருக்கும்?

பிடிஎஃப் ஜெயித்த இடம் இதுதான். ‘அப்ளிகேஷன்/பிடிஎஃப்’ என்பதற்குப் பின்னால் குறியாக்கம் என்ற பாதியே கிடையாது. எழுத்துரு ஃபைலுக்குள் இருக்கும். சர்வர் சொல்லவேண்டியது ஒரே சொல். அந்தச் சொல் ஏறக்குறைய எல்லா சர்வரின் பட்டியலிலும் முன்பே இருந்தது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களைப் பல வடிவங்களில் தந்தபோது பிடிஎஃபையும் ஒன்றாக வைத்துக்கொண்டது இந்தச் சூழலில்தான். விலையும் இருந்தது. பழைய எழுத்துருவில் அச்சான பிடிஎஃபில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். நகலெடுத்து ஒட்டினால் வருவது லத்தீன் குறிகள். தேடினால் எதுவும் அகப்படாது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் முன்னின்று நடத்திய இந்திய மின்னூலகம் வேறு வழியில் போனது. பக்கங்களை டிஃப் படங்களாக வைத்தது. ஆப்பிளின் சஃபாரி போன்ற சிலவற்றைத் தவிர முன்னணி பிரவுசர்கள் டிஃபைத் தானாகக் காட்டாது என்பதால் வாசகர் ஒரு பிளக்-இன் நிறுவ வேண்டியிருந்தது. 2015 செப்டம்பரில் குரோம் 45உம் 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 52உம் பழைய பிளக்-இன் முறையைக் கைவிட்டன. சர்வர் சொன்ன வகை சரியாகவே இருந்தும் படிக்க வழியில்லாமல் போன நிலை அது. அந்நூல்களில் பெரும்பகுதி இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் பிடிஎஃபாகக் கிடைக்கிறது.

2016 மே மாதம் மைசூரு நிறுவனம் பாரதவாணி தளத்தைத் தொடங்கியபோது பிடிஎஃபுக்குப் பிளக்-இன் தேவைப்படவில்லை. குரோம் 2010இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2013 பிப்ரவரியிலும் சொந்தக் காட்டியைச் சேர்த்துவிட்டன. இனிக் கேள்வி ‘இன்லைனா, அட்டாச்மென்ட்டா’ என்பது. பிரவுசரிலேயே திறப்பதா, இறக்கிவிடுவதா என்பதை இன்னொரு தலைப்பு தீர்மானிக்கும். ஆண்ட்ராய்டு குரோமில் இதற்கும் மதிப்பில்லாமல் இருந்தது. ‘இன்லைன்’ என்று சர்வர் சொன்னாலும் அது பல ஆண்டுகள் பிடிஎஃபை இறக்கிவைக்கத்தான் செய்தது.

தரவகம் தொகுப்பவர்களுக்குப் பிடித்த வெற்று உரை ஃபைலுக்கு மட்டும் இந்த வரலாறு இன்னும் முடியவில்லை. எச்டிஎம்எல் பக்கம் தன் குறியாக்கத்தைத் தானே அறிவிக்கலாம்; டிஎக்ஸ்டி ஃபைலுக்கு அப்படி ஒரு இடமில்லை, சர்வரின் தலைப்பை நம்பித்தான் இருக்கிறது. யூடிஎஃப்-8இல் ‘க’ என்பது 224, 174, 149 என்று மூன்று பைட். தலைப்பில் குறியாக்கம் விட்டுப்போய், பிரவுசரும் விண்டோஸ்-1252 என்று ஊகித்தால், தலைக்கோடிட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, ஒரு கரும்புள்ளி என்று மூன்று குறிகள் திரையில் நிற்கும். அப்பாச்சியில் டிஎக்ஸ்டிக்கு யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். அந்த அனுமதி இல்லாதவர்கள் ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற அடையாள பைட்டுகளை வைக்கிறார்கள். பிரவுசர் அதைப் புரிந்துகொள்ளும். சொல் எண்ணும் நிரல் அதை நீக்கத் தவறினால், ஃபைலின் முதல் சொல் அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியோடு ஒட்டிக்கொண்டு, சொற்பட்டியலில் தனிச் சொல்லாகப் பதிவாகிவிடும்.