நாய்களுக்கும் வந்த காமாலை

"மக்காச்சோளத்துல வர்ற பூஞ்சை நச்சைப் பத்தி ஆராய உதவித்தொகை தர்றாங்களாம்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "இதுக்கெல்லாமா காசு கொடுக்கிறாங்க?" என்றுதான் கேட்பார்கள். பூசணம் பிடித்தால் தூக்கிப் போட வேண்டியதுதானே, இதில் வருஷக்கணக்கில் ஆராய என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு 1974-ல் நம் நாட்டிலேயே ஒரு பதில் கிடைத்தது. கொடுமையான பதில்.

அந்த வருஷக் கடைசியில், ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் அதை ஒட்டிய குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் ஒரு விநோதமான காமாலை பரவியது. கண் மஞ்சளாகும், சீக்கிரமே வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், பலர் பிழைக்கவில்லை. கணக்கில் வந்த நோயாளிகள் 397 பேர். அதில் 106 பேர் இறந்துபோனார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல்.

காமாலை என்றதும் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது கிருமியைத்தான். ஆனால் இங்கே கணக்கு இடித்தது. நோய் வந்தவர்கள் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே தினசரி உணவாகக் கொண்ட ஏழைப் பழங்குடி மக்கள். இன்னொரு துப்பு, அந்த வீட்டு நாய்களுக்கும் அதே காமாலை. மனிதனும் நாயும் பொதுவாகப் பகிர்ந்துகொண்டது என்ன? சாப்பாடு.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த மக்காச்சோளத்தைச் சோதித்தார்கள். அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை மண்டிக் கிடந்தது. அது சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கிலோவுக்கு 6.25 முதல் 15.6 மில்லிகிராம் வரை இருந்தது. இது எவ்வளவு என்று புரிய ஒரு ஒப்பீடு: அமெரிக்காவில் மனித உணவுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். அதாவது குறைந்தபட்சமே 300 மடங்குக்கு மேல். ஒரு மாசத்துக்கு, ஒருவர் தினமும் 2 முதல் 6 மில்லிகிராம் நச்சைச் சாப்பிட்டிருக்கலாம் என்று கணித்தார்கள். இந்த ஆய்வு 1975-ல் லான்செட் இதழில் வெளியானது.

சரி, பூசணம் பிடித்ததை ஏன் சாப்பிட்டார்கள்? வேறு தானியம் இல்லை. ஏற்கெனவே தொடர் வறட்சி. அறுவடைக்கு முன்னால் காலம் தப்பிய மழை. நனைந்த கதிரைச் சரியாகக் காயவைத்துச் சேமிக்க வசதியும் கிடையாது. இருக்கிற ஒரே தானியத்தைத் தூக்கிப் போடு என்று யாரால் சொல்ல முடியும்?

எனக்கு உறுத்துவது வேறொரு விஷயம். இந்த நச்சு 1974-ல் புதுசு இல்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் புரியாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். துருவிக்கொண்டு போனதில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதிலிருந்த பூஞ்சையின் பெயரை வைத்துத்தான் நச்சுக்கு அஃப்ளடாக்சின் என்ற பெயரே வந்தது. புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்பவை பி வகை, பச்சையாக ஒளிர்பவை ஜி வகை என்று பிரித்தும் விட்டார்கள். சில வருஷங்களுக்குள் வேதியியல் தெளிவாகிவிட்டது. ஆனால் அந்த அறிவு முதலில் போய்ச் சேர்ந்த இடம் துறைமுகங்களும் தீவன ஆலைகளும்தான். பணம் புழங்கும் தானியத்துக்குச் சோதனை வந்தது. விவசாயி தன் வீட்டிலேயே வைத்துச் சாப்பிடும் தானியத்தை யார் சோதிப்பது?

சோதிப்பதும் லேசில்லை. ஒரு பொட்டலம் கடலையில் ஒன்றே ஒன்று மட்டும் சொத்தையாக வாயில் அகப்படும் இல்லையா, இந்த நச்சும் அப்படித்தான், பரவலாக இருக்காது. ஆயிரக்கணக்கான மணிகளில் சிலவற்றில் மட்டும் குவிந்திருக்கும். மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்தால் சுத்தம் என்று வரும், அடுத்த கைப்பிடி எல்லையைப் பல மடங்கு தாண்டும். மென்பொருள் சோதனையில் இருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும்: எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழைதான் இருப்பதிலேயே மோசமானது. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற மணியிலும் நச்சு இருக்கலாம். வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

முப்பது வருஷம் கழித்து, 2004-ல், அதே கதை கென்யாவில் திரும்பியது. நாட்டின் கிழக்குப் பகுதியில், மக்குவேனி, கிட்டுய் மாவட்டங்களில்தான் பாதிப்பு அதிகம். 317 பேருக்கு நோய், 125 சாவு. இங்கேயும் வீட்டில் விளைந்து, ஈரத்தோடு வீட்டுக்குள் அடுக்கிய மக்காச்சோளம். சந்தையும் சுத்தமாக இல்லை. 65 சந்தைகளில் எடுத்த 350 மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை 0.02 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருந்தன.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சிக்கு அர்த்தம் வருகிறது. அரிசோனாவில் பீட்டர் காட்டி என்ற விஞ்ஞானி ஒன்றைக் கவனித்தார். ஒரே பூஞ்சை இனத்துக்குள்ளேயே நச்சு சுரக்காத வகைகளும் உண்டு. அவற்றைத் தானியத்தில் வளர்த்து வயலில் தூவிவிட்டால், நச்சுக்கார வகைக்கு இடமில்லாமல் போகும். முள்ளை முள்ளால் எடுப்பது மாதிரி. முதலில் அங்கே பருத்தி வயல்களில் செய்த இந்த வேலையை, நைஜீரியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனம் ஆப்பிரிக்க மக்காச்சோளத்துக்குக் கொண்டுபோனது. 'அஃப்ளாசேஃப்' என்று பெயர். அமெரிக்க வகையை அப்படியே கொண்டுபோய்த் தூவவில்லை. ஒவ்வொரு நாட்டு மண்ணிலிருந்தும் உள்ளூர் வகையைத் தேடி எடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கான மாதிரிகளை வளர்த்து, எது நச்சு சுரக்கிறது, எது சுரக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற வேலை. உதவித்தொகையில் படிக்கிற ஒரு மாணவர் இரண்டு மூன்று வருஷம் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, இதுதான்.

அதனால் இப்படி ஒரு உதவித்தொகையைப் பார்த்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இது யாருடைய தானியத்தைச் சோதிக்கப் போகிறது? ஏற்றுமதி மூட்டைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. வீட்டு மூலையில் கிடக்கும் மூட்டைக்கு மலிவான சோதனை வேண்டும், மழை பெய்தாலும் ஈரத்தை 13 சதவீதத்துக்கு இறக்கிக் காயவைக்க வழி வேண்டும். கூடவே, 'இது ஆகாது' என்று ஒதுக்கும்போது பதிலுக்குக் கொடுக்க வேறு தானியமும் வேண்டும். கடைசியில் சொன்னதை எந்த ஆய்வகமும் தர முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. 1974-ல் பான்ஸ்வாரா வீடுகளில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.