இயந்திரத்தின் செவி

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில் படகு இறக்கும் மீனவர், வெளியிணைப்பு இயந்திரத்தைச் சிறிது பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். உருளைக்குள் சுத்தியல் தட்டுவது போன்ற ஓசை எழுகின்றதா என்பதை அவர்தம் செவியே தேரும். தீப்பொறியின் சுவாலை எட்டுமுன் எஞ்சிய எரிபொருட்கலவை தானே வெடிப்பதால் எழும் இடிப்பு அது. மண்ணெண்ணெய் எளிதில் அவ்வாறு வெடிக்கும். ஆதலின் அதற்குரிய இயந்திரங்களில் அழுத்த விகிதத்தைக் குறைத்தே அமைத்தனர்.

பெற்றோல் இயந்திரத்தின் கதை வேறு. 1921-ஆம் ஆண்டில் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இடிப்பு அடங்கும் எனக் கண்டார். இடிப்பு அடங்கிற்று, காற்றில் நஞ்சு ஏறிற்று. இலங்கை அதனை முற்றாகக் கைவிட்டது 2002-இல்தான்!

அழுத்தினால் மின்னூட்டம் தரும் பளிங்கின் இயல்பைப் பியேர் கியூரியும் தமையனார் ஜாக்கும் 1880-இலேயே கண்டறிந்திருந்தனர். பின்னாளில் அவ்வியல்பு மோட்டார் வண்டிக்குச் செவியாயிற்று. இன்று மன்னார்ப் பாலத்தைக் கடக்கும் பெற்றோல் வண்டிகள் பலவற்றில், இயந்திரத்தில் திருகப்பட்ட உணரி இடிப்பின் அதிர்வை அறிவிக்க, கணினி தீப்பொறியைப் பிந்தச் செய்கிறது. உணரி பழுதானால், காப்பின்பொருட்டுக் கணினி தீப்பொறியைப் பிந்தியே வைத்திருக்கும். வலு குன்றும், எரிபொருள் வீணாகும். உப்புக்காற்று வீசும் கரையில் முதலில் ஐயுற வேண்டியது உணரியையன்று, களிம்பேறிய கம்பி இணைப்பையே. இணைப்பு நன்றாயிருந்தும் குறை தீராவிடின் உணரியை மாற்றலாம். அது அமரும் இடத்தைத் துடைத்து, குறித்த இறுக்கத்திலேயே திருகுதல் வேண்டும். தளர்ந்தாலும் மிகுந்தாலும் அச்செவி பிழைபடக் கேட்கும்.

சிறு படகுகளுக்கோ இச்செவி இல்லை. மலிவான மண்ணெண்ணெயே துணை. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. படகுகள் பல கரையிலேயே கிடந்தன.