சாவியை யாரிடம் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் "ஓனர்ஷிப் கேட்டு மூணு வாரமாச்சு, ஒரு பதிலும் இல்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். "எந்த ஃப்ளாட்டுங்க?" என்றார் தங்கமணி. :-)

ஃப்ளாட் இல்லை மக்களே, பைதான் பேக்கேஜ். புனேயில் பொட்டி தட்டுபவனுக்கு வேறென்ன கவலை?

ஒருவர் எழுதிய நிரலை ஊரே எடுத்துப் பயன்படுத்தப் பொதுக் கிட்டங்கிகள் இருக்கின்றன. பெர்ல் மொழிக்கு 1995-ல் சிபான், பைதானுக்கு 2003-ல் பைபிஐ, ஜாவாஸ்கிரிப்டுக்கு 2010-ல் என்பிஎம். எழுதியவர் வேலை, குடும்பம் என்று ஒதுங்கிவிடுவார். பேக்கேஜ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அவருக்கு இரண்டு வகை மெயில் வரும். "அப்டேட் போடுங்க", "முடியலைன்னா ஆக்சஸ் குடுங்க".

2018-ல் என்பிஎம்-ல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற பேக்கேஜுக்கு அப்படித்தான் நடந்தது. உதவுகிறேன் என்று மெயில் போட்ட முன்பின் தெரியாதவருக்கு, சலித்துப்போன ஓனர் ஆக்சஸ் கொடுத்தார். வந்தவர் பிட்காயின் திருடும் நிரலைச் சொருகிவிட்டார்.

அதே 2018-ல் பைபிஐ ஒரு விதிமுறையை ஏற்றது. ஓனரைக் குறைந்தது மூன்று முறை தொடர்புகொள்ள வேண்டும், பதிலுக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். 12 மாதமாகப் புது வெளியீடு வந்திருக்கக் கூடாது. கேட்பவர் தன் பங்குக்குத் திருத்தங்கள் செய்து காட்ட வேண்டும், வேறு பெயரில் வெளியிட்டால் ஏன் ஆகாது என்றும் சொல்ல வேண்டும். என் புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

"நம்ம கும்பகோணம் வீட்டுச் சாவியை எவனோ மெயில்ல கேட்டா குடுப்பியா?" என்று விளக்கினேன்.

"மாட்டேன். அதுக்காகப் பூட்டியே வெச்சா வீடு இடிஞ்சு விழுந்துடாதா?"

நியாயமான கேள்வி. கவனிப்பாரற்ற பேக்கேஜில் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் இருக்காது. அதனால் கதவும் வேண்டும், காத்திருப்பும் வேண்டும்.

ஆனால் விதி மட்டும் போதாது. லினக்ஸில் எங்கும் இருக்கும் எக்ஸ்இசட் நிரலை லாஸ்ஸே காலின் சம்பளமில்லாமல் பார்த்துவந்தார். 2022-ல் சிலர் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று நச்சரித்தார்கள். தனக்கு மனநலச் சிக்கல்கள் இருப்பதைக்கூட அவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில், 2021-லிருந்து பொறுமையாக உதவிவந்த ஜியா டான் என்ற பெயருக்குப் பொறுப்பில் பங்கு போனது. 2024-ல் அந்தப் பெயரிலிருந்தே கள்ளக்கதவு வந்தது. லாகின் அரை வினாடி தாமதமானதைச் சந்தேகித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்து, மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார்.

அந்த நச்சரிப்பு மெயில்களைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு மனிதருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். "ப்ராஜெக்ட் செத்துப்போச்சா?" என்று ஒரே வரி. என் டெட்லைன் எனக்கு. அவர் நிலைமை என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அப்டேட் கேட்டால் பேட்சையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஆக்சஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. காத்திருப்போம்.