வை-ஃபை ஏன் நொண்டுது? - கொஞ்சம் சரித்திரம்

புனேல எங்க வீட்டுக்கு வாங்கியிருக்கறது 100 எம்பிபிஎஸ் இணைப்பு. ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி மன்னார்குடிக்கு வீடியோ போட்டா, ரெண்டு நிமிஷத்துல என் முகம் அங்க உறைஞ்சு போயிடும். அம்மாவுக்குக் காது அவ்வளவா கேக்காது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிஞ்சுப்பாங்க. படம் நின்னா பேச்சும் நின்னுது. ரெண்டு மாசம் கம்பெனிக்காரனைத் திட்டினேன் (எனக்குத் தெரிஞ்ச இந்தியில, அதனால அவனுக்குப் பெரிய பாதிப்பு இல்லை).

ஒருநாள் மடிக்கணினியை ரவுட்டர்ல கேபிள் போட்டுச் சொருகினேன். 94 வந்துது. அதே மடிக்கணினி படுக்கையறையில வை-ஃபையில 11. ஆக, குத்தம் வீட்டுக்குள்ளதான். ஏன்னு தேடப் போய் 1947 வரைக்கும் போயிட்டேன் :-)

அந்த வருஷம் அட்லாண்டிக் சிட்டியில நடந்த சர்வதேச மாநாட்டுல ரேடியோ அலைகளைப் பங்கு பிரிச்சாங்க. 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டின பகுதியை தொழிற்சாலை, ஆராய்ச்சி, மருத்துவக் கருவிகளுக்குன்னு ஒதுக்கினாங்க. மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யறது இங்கதான். இரைச்சல் மிகுந்த இடம். தகவல் தொடர்புக்காரங்க யாரும் ஆசைப்படாத, நம்ம ஊர் புறம்போக்கு மாதிரி. 1985-ல அமெரிக்க எஃப்.சி.சி. இந்த மாதிரிப் பட்டைகள்ல லைசென்ஸ் இல்லாமப் பேசிக்கலாம்னு விட்டுது. ஒரு நிபந்தனை: அடுத்தவன் இரைச்சலைப் பொறுத்துக்கணும், புகார் செல்லாது. வை-ஃபை குடிசை போட்டது அந்தப் புறம்போக்குலதான். முதல் தரநிலை 1997-ல வந்தது, வேகம் வெறும் 2 எம்பிபிஎஸ். இந்தியாவுல 2.4 கிகாஹெர்ட்ஸுக்கான லைசென்ஸ் விலக்கு விதிகள் 2005 ஜனவரியில வந்தது. மொத்த இடம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒண்ணையொண்ணு இடிக்காம மூணு சேனல்தான் தேறும்: 1, 6, 11. எங்க படுக்கையறையில எண்ணினேன், பதினேழு வீட்டு வை-ஃபை தெரியுது!

இடம் நெருக்கடின்னா முறை வச்சுத்தானே பேசணும்? அந்த முறை ஹவாய்ல பொறந்தது. 1971-ல நார்மன் ஏப்ரம்சன் குழு, தீவுகள்ல இருந்த கருவிகளைப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோட ரேடியோவுல இணைச்சாங்க. அதுதான் அலோகாநெட். எல்லாருக்கும் ஒரே சேனல். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா மோதல், கொஞ்சம் பொறுத்து மறுபடி முயற்சி. கணக்குப் போட்டா அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாப் போகும். வை-ஃபை இன்னும் கெட்டிக்காரத்தனமா முதல்ல காது கொடுத்துக் கேட்டுட்டுப் பேசும். ஆனாலும் காத்திருப்பு, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 'வந்துது' ரசீது எல்லாம் சேர்ந்து பாதி நேரத்தைத் தின்னுடும். 1999-ல வந்த 11 எம்பிபிஎஸ் கையில கிடைச்சது 5, 6. 2003-ல வந்த 54, இருபதைச் சுத்தி. பெட்டி மேல இருக்கற எண் காத்துல பிட் ஓடற வேகம், நம்ம வேகம் இல்லை.

இன்னொரு கூத்து. 2003-ல பிரான்ஸ்ல கிரெனோபிள் ஆராய்ச்சியாளர்கள் கண்டது: ஒரே ஒரு மெதுவான கருவி இருந்தாப் போதும், எல்லாரும் அதோட வேகத்துக்கு இறங்கிடுவாங்க. முறை எல்லாருக்கும் சமம், ஆனா மெதுவானவர் தன் முறைக்கு எடுத்துக்கற நேரம் அதிகம். ரேஷன் கடை வரிசையில முன்னால ஒருத்தர் சில்லறை எண்ணற கதைதான். எங்க வீட்டுல அந்த 'ஒருத்தர்' பால்கனியில மாட்டின பழைய கேமரா. ரவுட்டரோ இரும்பு பீரோவுக்குப் பின்னாடி. பத்தாததுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு பக்கத்துலயே மைக்ரோவேவ்ல பால் சூடாகும்.

5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நிலைமை வேற. 2018 அக்டோபர்ல அங்க 605 மெகாஹெர்ட்ஸை இந்தியா திறந்து விட்டுது. சுவரைத் தாண்ட அதுக்குத் தெம்பு கம்மி, ஆனா கூட்டமும் கம்மி. ரவுட்டரை பீரோவுக்கு மேல ஏத்தினேன். கேமராவை 2.4-லயே விட்டுட்டு, போனையும் மடிக்கணினியையும் 5-க்கு மாத்தினேன். படுக்கையறையில இப்ப 68. ஹால்ல அதுக்கும் மேல.

போன ஞாயிறு முக்கால் மணி நேரம் படம் நிக்கலை. அம்மா உத்துப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "என்னடா இது தாடி?"